கிண்ணம் கையில் இருக்கட்டும்

ஜப்பானிய வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக் கிண்ணம் மேசையில் தங்காது; இடது கைக்கு ஏறிவிடும். வலது கையில் குச்சிகள், வாயருகே கிண்ணம். கிண்ணத்தைக் கீழேயே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்து சாப்பிடுவதை அங்கே பெரியவர்கள் கண்டிப்பார்கள். அதனால் கிண்ணத்தின் அளவையும் எடையையும் கைதான் தீர்மானிக்கிறது. பொதுவாக விட்டம் 12 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும். பக்கங்கள் விரல் வளைவுக்குத் தோதாகச் சரிந்திருக்கும். அடியில் வளையமாக ஒரு பாதம். ஆவி பறக்கும் சோற்றைப் போட்டாலும் அந்தப் பாதத்தில் சூடு அவ்வளவாக இறங்காது. பாதத்தின் கீழே விரல்களைக் கொடுத்து, கட்டைவிரலை விளிம்பில் வைத்தால் போதும், கிண்ணம் பிடிபட்டுவிடும். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்குச் சின்னதாக ஒன்று என்று ஆளுக்கொரு கிண்ணம் உண்டு. பல ஆண்டுகள் தினந்தோறும் ஒரே கிண்ணம், ஒரே கை.

ஜப்பானியக் கைவினைப் பாண்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே தத்துவம் முந்திக்கொள்கிறது. கோணலில் இருக்கும் அழகு, குறையில் இருக்கும் நிறைவு, நிலையாமையின் பாடம் என்று புத்தகங்களும் அலங்காரக் கடைகளும் ஒரே குரலில் பேசுகின்றன. பெருநகர உணவகங்களில் விளிம்பு நெளிந்த, புள்ளி தெளித்த, சாம்பல் நிறத் தட்டுகள் வந்துவிட்டன. அவற்றில் பலவும் அச்சில் வார்த்தவை. பத்துத் தட்டுகளை அடுக்கிப் பார்த்தால் பத்திலும் நெளிவு ஒரே இடத்தில் இருக்கும். கை தவறியதுபோல் இயந்திரம் நடிக்கிறது.

உண்மையான ஜப்பானியக் கிண்ணத்தின் அமைதியான அழகு இப்படி நடிப்பால் வருவதில்லை. கிடைத்த மண், ஓடுகிற தண்ணீர், எரிகிற விறகு, சாப்பிடுகிறவரின் கை ஆகிய நான்கும் விதித்த வரம்புக்குள் வேலை செய்ததால் வந்த அழகு அது. அன்றாடப் புழக்கம்தான் அதைப் பெற்றது. புழக்கம் போனால் அந்த அழகும் போய்விடும். விருதும் அருங்காட்சியகமும் அந்த இழப்பை ஈடுகட்டாது. இதற்கான சான்றுகள் ஜப்பானிலேயே இருக்கின்றன.

கியூஷு தீவின் ஓய்ட்டா மாகாணத்தில், ஹிட்டா நகரத்துக்கு மேலே மலைப் பள்ளத்தாக்கில் ஒண்டா என்கிற குயவர் ஊர் இருக்கிறது. 1705-ல் அங்கே முதல் சூளை எரிந்தது. இன்றும் ஒன்பது, பத்துக் குடும்பங்கள்தாம் சட்டி வனைகின்றன. தொழில் தகப்பனிடமிருந்து ஒரே ஒரு பிள்ளைக்குப் போகும். வெளியாட்களைச் சீடர்களாகச் சேர்ப்பதில்லை. மின்சாரச் சக்கரம் கிடையாது. காலால் உதைத்துச் சுற்றும் சக்கரம்தான்.

அந்த ஊருக்குள் நுழைகிறவர் முதலில் கேட்பது உலக்கைச் சத்தம். அங்குள்ள மலைமண் கல்லைப் போல் இறுகியது. இடித்துப் பொடியாக்காமல் வேலைக்கு ஆகாது. அந்த இடியை ஓடையே இடித்துத் தருகிறது. நீண்ட மரத்துண்டின் ஒரு முனையைக் குடைந்து தொட்டியாக்கி, ஓடைநீர் அதில் விழும்படி வைத்திருக்கிறார்கள். தொட்டி நிரம்பியதும் அந்த முனை கனத்தில் தாழும், தண்ணீர் கொட்டிவிடும், கனம் இழந்த மரம் மறுபுறம் சாய, அங்கே பொருத்திய உலக்கை குழியில் கிடக்கும் மண்ணின் மேல் தொம்மென்று விழும். பிறகு மறுபடி தண்ணீர் நிரம்பக் காத்திருக்கும். இரவும் பகலும் இந்த இடி ஓய்வதில்லை. ஒரு குழி மண் பதமாக ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்கள் ஆகும். 1996-ல் ஜப்பானியச் சுற்றுச்சூழல் துறை நாட்டில் பாதுகாக்க வேண்டிய நூறு ஒலிகளைப் பட்டியலிட்டபோது இந்த உலக்கைச் சத்தமும் அதில் இடம்பெற்றது.

இடித்த மண்ணை நீரில் கரைத்து, சலித்து, தெளியவிட்டு, உலர்த்திப் பிசையும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. ஒண்டா பாண்டத்தில் பாதி உழைப்பு சக்கரத்துக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஓடை எவ்வளவு இடித்துத் தருகிறதோ அவ்வளவுதான் மண். மண் எவ்வளவோ அவ்வளவுதான் பாண்டம். சந்தை எத்தனை கேட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஓடையின் வேகத்தை மீறக் கூடாது என்று அந்த ஊர் எடுத்த முடிவை, முன்னூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் தட்டுகளில் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது.

மண்ணில் இரும்பு அதிகம் என்பதால் சுட்டால் கருமை தட்டும். அதை மறைக்கத் தட்டின் மேல் வெள்ளை மண்கூழைப் பூசுகிறார்கள். கூழ் பாதி உலர்ந்த நிலையில் தட்டு மறுபடி சக்கரத்தில் ஏறுகிறது. குயவர் கையில் வளைந்த மெல்லிய எஃகுத் தகடு. பழைய கடிகாரத்தின் சுருள்வில்லை நிமிர்த்திச் செய்தது. சுழலும் தட்டின் மேல் தகட்டின் நுனியை லேசாக வைத்தால் அது நின்று நிதானமாகச் செதுக்காது, துள்ளும். ஒவ்வொரு துள்ளலுக்கும் வெள்ளைக் கூழில் நகநுனி அளவு பெயர்ந்து, அடியில் இருக்கும் கருத்த மண் எட்டிப் பார்க்கும். நடுவிலிருந்து விளிம்பு வரை கையை நகர்த்தினால், சில நொடிகளில் நூற்றுக்கணக்கான தழும்புகள் வரிசை வரிசையாகச் சுற்றி நிற்கின்றன. உள்வரிசையில் நெருங்கியும் வெளிவரிசையில் சற்று விலகியும் இருக்கும். எந்த இரண்டு தட்டிலும் இடைவெளி ஒன்றாக அமையாது. வேண்டுமென்றே மாற்றிச் செய்வதில்லை. தகட்டின் துள்ளலையும் காலின் உதையையும் அப்படியே திருப்பிச் செய்ய மனிதரால் முடியாது, அவ்வளவுதான். கோணலைத் தேடிப் போகாமலேயே கை தன் அடையாளத்தை விட்டுச்செல்கிறது.

இந்த ஊரை உலகுக்குக் காட்டியவர் யனகி சோயெட்சு. 1889-ல் பிறந்து 1961-ல் மறைந்த இந்தச் சிந்தனையாளர், 1920-களின் நடுவில் ஹமதா ஷோஜி, கவாய் கஞ்சிரோ ஆகிய குயவர்களோடு சேர்ந்து மிங்கெய் என்ற மக்கள் கைவினை இயக்கத்தைத் தொடங்கினார். பெயர் தெரியாத எளிய தொழிலாளர்கள், அன்றாடப் பயன்பாட்டுக்காக, விலை குறைவாக, நிறையச் செய்த பொருள்களில்தான் உயர்ந்த அழகு இருக்கிறது என்பது அவர் கட்சி. 1931-ல் ஒண்டாவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மனம் நிறைந்து எழுதினார். 1936-ல் தோக்கியோவின் கொமாபா பகுதியில் ஜப்பானிய நாட்டார் கைவினை அருங்காட்சியகத்தைத் திறந்தார். 1954-ல் ஆங்கிலேயக் குயவர் பெர்னார்ட் லீச் ஒண்டாவில் சில வாரங்கள் தங்கி வேலை செய்தார். அதன் பிறகு ஊரின் பெயர் எங்கும் பரவியது.

புகழ் வந்தபோது ஒண்டா என்ன செய்தது என்பதுதான் பாராட்டத்தக்கது. பாண்டத்தின் அடியில் தனியாள் பெயரைப் பொறிப்பதில்லை என்பதில் அந்தக் குடும்பங்கள் உறுதியாக நின்றன. ஊர்ப் பெயர் மட்டுமே முத்திரை. 1995-ல் அரசு இந்தத் தொழில்நுட்பத்தை முக்கியமான பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோதும், அந்தக் கௌரவம் எந்த ஒருவருக்கும் போகவில்லை. ஊரின் குயவர்கள் சேர்ந்து நடத்தும் பாதுகாப்புச் சங்கத்துக்குப் போனது.

இதை அப்பழுக்கற்ற கிராமக் கதையாக்கிவிடவும் கூடாது. 1970-களின் பிற்பகுதியில் அங்கே தங்கி ஆராய்ந்த பிரிட்டிஷ் மானிடவியலாளர் பிரையன் மோரான் 1984-ல் வெளியிட்ட நூலில், பாண்டங்களுக்குத் தேவை பெருகியபோது ஊருக்குள் வருமான ஏற்றத்தாழ்வு வந்ததையும், கூட்டு உழைப்பு தளர்ந்ததையும் எடுத்துக்காட்டினார். யனகி கண்ட கள்ளங்கபடமற்ற கைவினைஞர் ஓரளவுக்கு நகரத்து அறிவாளியின் கற்பனையும்கூட. ஒண்டாவின் குயவர்கள் சந்தையை அறியாதவர்கள் அல்லர். அறிந்திருந்தும் ஓடையையும் கால் சக்கரத்தையும் விடவில்லை என்பதுதான் அவர்களுடைய பெருமை.

ஒண்டாவுக்கு நேர்மாறான ஊர் மஷிக்கோ. தோக்கியோவுக்கு வடக்கே, தொச்சிகி மாகாணத்தில் இருக்கிறது. 1853-ல் தொடங்கிய இந்த மண்பாண்டத் தொழில் தலைநகரத்துச் சமையலறைகளுக்குத் தண்ணீர்ச் சாடி, உரல், தேநீர்க் கெண்டி என்று அனுப்பிப் பிழைத்தது. அந்தக் கெண்டிகளில் மலையும் நீரும் மரமும் படகும் தீட்டியவர்களில் ஒருவர் மினகவா மசு என்ற பெண். பள்ளிக்கூடம் பார்க்காதவர், சிறுமியாகத் தூரிகை பிடித்தவர் முதுமை வரை விடவில்லை. ஒரே நாளில் பல நூறு கெண்டிகள் அவர் கையைத் தாண்டிப் போகும். நினைத்து நினைத்துத் தீட்ட நேரமில்லை. மலைக்கு இரண்டு கோடு, நீருக்கு மூன்று கோடு என்று தூரிகை தானாக ஓடும். யனகியை மயக்கிய ஓவியங்களில் அவையும் உண்டு. ஓவியர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத தொழிலாளி, கூலிக்கு வரைந்தவை அவை.

1924-ல் ஹமதா ஷோஜி மஷிக்கோவில் குடியேறினார். இங்கிலாந்தில் லீச்சோடு சேர்ந்து சூளை கட்டியவர், தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர், எந்த ஊருக்கும் போயிருக்கலாம். உள்ளூர் மண்ணையும் உள்ளூரில் கிடைக்கும் சாம்பல், கல் ஆகியவற்றையும் வைத்துச் செய்த மெருகுகளையுமே பெரும்பாலும் பயன்படுத்தினார். தன் பாண்டங்களில் கையெழுத்திடுவதை விட்டுவிட்டார். பெரிய தட்டின் மேல் கரண்டியால் மெருகை ஒரே வீச்சில் ஊற்றிக் கோலமிடுவது அவர் பாணி. பதினைந்து நொடியில் முடிந்துவிடுகிறதே என்று பார்வையாளர் வியந்தபோது, அதோடு அறுபது ஆண்டுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னதாகக் குயவர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். ஹமதாவைத் தேடி வந்தவர்கள் அங்கேயே தங்கினார்கள். இன்று மஷிக்கோவில் நூற்றுக்கணக்கான குயவர்கள் இருக்கிறார்கள், பலரும் வெளியூர்க்காரர்கள். 1966 முதல் அங்கே பாண்டச் சந்தை கூடுகிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் லட்சக்கணக்கானோர் வந்து, கூடாரம் கூடாரமாக அலைந்து, காலைச் சோற்றுக்கு இரண்டு கிண்ணம் என்று வாங்கிப் போகிறார்கள். கதவை மூடிக் காத்த ஒண்டாவும் பிழைத்தது. கதவைத் திறந்துவிட்ட மஷிக்கோவும் பிழைத்தது. இரண்டு ஊரும் அருங்காட்சியகத்துக்காகச் செய்யவில்லை, அடுப்படிக்காகச் செய்தன.

பாண்டத்தின் மறுபாதி சாப்பாடு. இதைக் கித்தாவோஜி ரோசஞ்சின் அளவுக்கு உணர்ந்தவர் அரிது. எழுத்தோவியரான ரோசஞ்சின் 1925-ல் தோக்கியோவில் ஹோஷிகவோகா சரியோ என்ற உணவகத்தின் பொறுப்பை ஏற்றார். தன் சமையலுக்குப் பொருந்தும் தட்டு கடையில் கிடைக்கவில்லை என்று காமகுராவுக்கு அருகே சூளையே கட்டிவிட்டார். பாண்டம் உணவுக்கு உடுத்தும் உடை என்பது அவர் கருத்து. பிற்காலத்தில் அரசு உயரிய விருது தர முன்வந்தபோது மறுத்துவிட்டார்.

ஜப்பானியச் சாப்பாட்டு மேசையைக் கவனித்தால் அவர் சொன்னதன் பொருள் பிடிபடும். ஐரோப்பிய விருந்துபோல் ஒரே அச்சு, ஒரே பூ வேலை கொண்ட பாண்டத் தொகுதி அங்கே இருக்காது. சோறு மண் கிண்ணத்தில், சூப்பு அரக்குப் பூசிய மரக் கிண்ணத்தில், சுட்ட மீன் நீள்தட்டில், ஊறுகாய் உள்ளங்கையில் பாதி அளவுள்ள சிறு தட்டில். கோடையில் வெண்ணீலப் பீங்கானும் கண்ணாடியும் வெளியே வரும். குளிர் வந்தால் தடித்த, சொரசொரப்பான மண் கிண்ணங்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். தட்டை நிறைத்துப் பரிமாறுவதில்லை. பாதிக்கு மேல் வெறுமையாக விடுவார்கள். அந்த வெற்றிடத்தில்தான் மெருகின் நிறமும் தழும்பின் வரிசையும் தெரியும். கருஞ்சாம்பல் தட்டில் இரண்டே இரண்டு பச்சை அவரைக்காய் வைத்தால் இரண்டுக்கும் உயிர் வந்துவிடுகிறது.

ஒகயாமா மாகாணத்தின் பிசேன் பாண்டங்களில் மெருகே கிடையாது. வயலடி மண்ணை எடுத்து வனைந்து, செம்பைன் விறகில் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை எரிக்கிறார்கள். சூளைக்குள் அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க இடையே வைக்கோல் சுற்றுவது வழக்கம். நெருப்பில் வைக்கோல் எரிந்துபோகும். ஆனால் அதிலுள்ள பொட்டாசியம் மண்ணிலுள்ள இரும்போடு வினைபுரிந்து, வைக்கோல் பட்ட இடமெல்லாம் செந்நிறக் கோடுகளாகப் பதிந்துவிடும். ஒட்டாமலிருக்கச் சுற்றிய வைக்கோல் ஓவியமானது. பின்னால் வந்தவர்கள் அந்தக் கோடுகளுக்காகவே வைக்கோல் சுற்றத் தொடங்கினார்கள் என்பது வேறு கதை. தொடக்கம் சூளையின் தேவைதான்.

பாண்டம் சூளையிலிருந்து வெளியே வந்த பிறகும் முழுமையாவதில்லை. ஹாகி ஊர்க் கிண்ணங்களின் மெருகில் மயிரிழை விரிசல்கள் ஓடும். தேநீர் அவற்றின் வழியாக மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறங்கும். பல ஆண்டுகளில் வெளிறிய இளஞ்சிவப்பு பழுப்பாகும். சில இடங்களில் திட்டுத் திட்டாக ஆழும். ஹாகிக் கிண்ணம் ஏழு முறை நிறம் மாறும் என்று தேநீர்க்காரர்கள் சொல்வார்கள். மாற்றுவது குயவர் அல்லர், குடிக்கிறவர். மெருகு மெல்லியதாக உள்ள மண் கிண்ணத்தை வாங்கி வந்தால், முதலில் அரிசி கழுவிய நீரில் போட்டு மெதுவாகக் கொதிக்கவைத்து, அப்படியே ஆறவிடுவது ஜப்பானிய வீட்டு வழக்கம். அரிசி மாவு நுண்துளைகளை அடைத்து, குழம்பின் கறையும் வாடையும் ஏறாமல் காக்கும். நம் வீடுகளில் புதுக் கல்சட்டியை வடிகஞ்சி ஊற்றிப் பழக்குவார்களே, அதே பக்குவம்தான். பழக்கப்பட வேண்டிய பாண்டம், பழக்குகிறவரையும் பொறுமைசாலி ஆக்குகிறது.

இந்த மரபின் அமைதிக்குப் பின்னால் அமைதியில்லாத வரலாறும் உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 1592 முதல் 1598 வரை ஜப்பானியப் படைகள் கொரியாவின் மேல் இருமுறை படையெடுத்தன. திரும்பியபோது நிலப்பிரபுக்கள் கொரியக் குயவர்களைக் கையோடு கொண்டுவந்தார்கள். ஹாகி, சத்சுமா முதலிய மரபுகள் அவர்கள் கையால் எழுந்தவை. 1616-ல் அரித்தாவில் ஜப்பானின் முதல் பீங்கானைச் சுட்டவர் என்று மரபு சொல்லும் ஈ சாம்பியோங்கும் கொரியரே. சத்சுமாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிம் குடும்பத்தின் வழியினர் இன்றும் ககோஷிமாவில் அதே குடும்பப் பெயரைத் தாங்கிச் சூளை நடத்துகிறார்கள். ஜப்பானியத் தேநீர் உலகம் தலையில் வைத்துக் கொண்டாடும் கிசயெமோன் கிண்ணம், இன்று கியோத்தோவின் தைத்தொக்குஜி மடத்து வளாகத்தில் தேசியச் செல்வமாக இருக்கிறது. அதுவும் பெயர் அறியப்படாத கொரியக் குயவர் செய்ததே. ஜப்பானிய அழகுணர்வு என்று சொல்லும்போது அதில் கொரியாவின் கையைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கைவினையைப் போற்றுவது தொழிற்சாலையைத் தூற்றுவதாகவும் ஆகிவிடக் கூடாது. நாகசாகி மாகாணத்து ஹசாமியில், ஹகுசான் நிறுவனத்துக்காக மோரி மசஹிரோ 1958-ல் வடிவமைத்த சோயா சாஸ் கெண்டி அச்சில் வார்த்ததுதான். ஊற்றி நிமிர்த்தினால் மூக்கில் சொட்டு தங்காது; இரண்டு விரலில் எடுக்கலாம். அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் விற்பனையில் இருக்கிறது. அது கைவினைபோல் வேடம் போடவில்லை. வார்ப்பின் துல்லியத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது. சாதாரணக் குடும்பம் எல்லா நாளும் எல்லாப் பண்டத்துக்கும் கைவினைப் பாண்டம் வாங்க முடியாது என்பதும் உண்மை. குற்றம் அச்சில் இல்லை. கையின் தடயத்தை அச்சில் பதித்து, கைவினை விலைக்கு விற்பதில்தான் இருக்கிறது. அந்தப் போலி, குயவரின் கூலியையும் பறிக்கிறது, வாங்குகிறவரின் கண்ணையும் கெடுக்கிறது.

இன்று ஜப்பானிலேயே இந்தப் புழக்கம் தேய்கிறது. 1962-ல் ஜப்பானியர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக 118 கிலோ அரிசி சாப்பிட்டார். இப்போது அது ஏறத்தாழ 50 கிலோ. காலையில் ரொட்டி, மதியம் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் டப்பா என்று ஆகிவிட்டால் சோற்றுக் கிண்ணத்துக்கு வேலை பாதியாகிறது. சிறிய அடுக்கக வீட்டில் ஐந்து வகைத் தட்டு வைக்க அலமாரி இல்லை. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குச் சொரசொரப்பான மண் பாண்டம் தோதுப்படாது. நூறு யென் கடையில் கிண்ணம் கிடைக்கும்போது, சில ஆயிரம் யென் கொடுத்துக் குயவரிடம் வாங்கக் காரணம் வேண்டியிருக்கிறது. மலைக்கும் பாதுகாப்பு இல்லை: 2017 ஜூலையில் வடக்குக் கியூஷுவில் கொட்டிய பேய்மழையில் ஒண்டாவின் நீருலக்கைகள் பல சேதமடைந்தன, மண் எடுக்கும் இடத்தில் சரிவு ஏற்பட்டது. ஊர் மீண்டெழுந்து உலக்கைகளை மறுபடி இயக்கியது.

அரசுகளுக்குத் தெரிந்த மருந்து பட்டம். வாழும் தேசியச் செல்வம் என்று மக்கள் அழைக்கும் கௌரவத்தை ஹமதா 1955-ல் பெற்றார். கவாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஏற்பாட்டால் பல நுட்பங்கள் அழியாமல் நின்றன என்பதை மறுக்க முடியாது. ஆனால் பட்டம் வந்ததும் விலை ஏறுகிறது; விலை ஏறியதும் கிண்ணம் பெட்டிக்குள் போகிறது. கையெழுத்தே வேண்டாம் என்ற ஹமதாவின் தட்டுகள் இன்று ஏலக் கூடங்களில் விலை போகின்றன. அவற்றில் யாரும் மீன் பரிமாறுவதில்லை. ஒண்டாவுக்கு ஊராகக் கிடைத்த அங்கீகாரம் இந்த விபத்திலிருந்து அதைக் காத்தது. அங்கே செய்த தட்டை இன்றும் நடுத்தரக் குடும்பம் வாங்கிச் சாப்பிட முடிகிறது. தனி மேதைக்குச் சூட்டும் மகுடத்தைவிட, ஊருக்குக் கிடைக்கும் மண்ணும் தண்ணீரும் சந்தையும் முக்கியம் என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது. கைவினைக்குச் செலவிடும் எந்த அரசும் விருது விழாவுக்கு முன்னால் சத்துணவுக் கூடம், மருத்துவமனை, அரசு விருந்தினர் மாளிகை ஆகியவற்றுக்குக் குயவரிடம் பாண்டம் வாங்க முடியுமா என்று யோசிக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதையின் கிளையொன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஜப்பானின் பிசேனில் மண்பாண்டத் தொழில் பயின்ற அமெரிக்கர் டெபோரா ஸ்மித், ரே மீக்கரோடு சேர்ந்து 1971-ல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். தேநீர்க் கெண்டி, குவளை, தட்டு என்று வீட்டுப் புழக்கப் பாண்டங்கள் அங்கே உருவாயின. அங்கே பயின்றவர்கள் இந்தியா முழுவதும் சூளைகள் நடத்துகிறார்கள். புதுச்சேரி, ஆரோவில் பகுதிகளில் இன்று பல பட்டறைகள் இயங்குகின்றன. அங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் சென்னையில், கைவினைச் சாயலுக்காக அச்சுத் தட்டுகளைத் தருவிக்கும் உணவகம், அதே பணத்தில் ஒரு பகுதியையாவது இந்தப் பட்டறைகளுக்குத் தரலாம். அளவும் வடிவமும் சமையலறையின் தேவைக்கு ஏற்பச் சொல்லிச் செய்துகொள்ளலாம். உடைந்தால் அதே குயவரிடம் மறுபடி கேட்கலாம்.

வாங்குகிறவர் செய்ய வேண்டிய சோதனையும் எளிதுதான். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும். மெருகு படாத அந்த வளையத்தில்தான் மண்ணின் உண்மை நிறம் தெரியும். சக்கரத்தில் கடைந்த கருவியின் சுற்று வரிகளும் தெரியும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிண்ணத்தையும் கவிழ்த்து, இரண்டின் வரிகளும் அச்சு அசலாக ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். பிறகு சாப்பிடும் பாவனையில் ஒரு கையில் பிடித்து, கனம் சரியாக இருக்கிறதா, விளிம்பு உதட்டுக்கு இதமா என்று பார்க்க வேண்டும். எங்கே, யார் செய்தது என்று கடைக்காரரைக் கேட்க வேண்டும். பதில் தெரியாத கடையில் கைவினை விலை கொடுக்கத் தேவையில்லை. வாங்கிய கிண்ணத்தை விருந்தாளிக்கென்று அலமாரியில் ஏற்றாமல், அன்று இரவே சோறு போட்டுச் சாப்பிட எடுத்துவிட வேண்டும்.